சாய்வும் சுகமும்: பழைய சைக்கிளில் வாகாக அமர்வது பற்றி

பரணிலும் மாட்டுக்கொட்டிலிலும் கிடந்த பழைய சைக்கிளை எடுத்து, துரு தேய்த்து, பால்ரஸ் மாற்றி, சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து ஓட்டத் தொடங்குகிறவர்கள் இன்று பல ஊர்களில் இருக்கிறார்கள். வேலைக்குப் போக அவர்களுக்கு வேறு வண்டி உண்டு. இதை ஓட்டுவது மகிழ்ச்சிக்காக மட்டுமே. ஆனால் அவர்களில் பலர் சில வாரங்களிலேயே நிறுத்திவிடுகிறார்கள். உள்ளங்கை மரத்துப்போகிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது, உட்காரும் இடம் எரிகிறது, முட்டி வலிக்கிறது. பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று முடிவுகட்டி அதை மறுபடி பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.

அந்த முடிவு தவறானது. வலிக்குக் காரணம் வண்டியின் வயது அல்ல. பெரும்பாலும் உட்காரும் வாகுதான். ஒவ்வொரு பழைய சைக்கிளும் ஒரு குறிப்பிட்ட வேகத்தையும் பாதையையும் மனத்தில் வைத்து, அதற்குரிய வாகுடன் செய்யப்பட்டது. அந்த வாகு எது என்று முதலில் கண்டுகொள்ள வேண்டும். பிறகு நாம் உண்மையில் எவ்வளவு வலுவாக மிதிக்கிறோம் என்று பார்த்து அதற்கேற்பச் சாய்வை அமைக்க வேண்டும். இதைச் செய்தால் அறுபது வயது வண்டியிலும் வலியில்லாமல் ஓட்டலாம். பொறியாளர்கள், மருத்துவர்கள், பந்தய வீரர்கள், பழைய வண்டி ஆர்வலர்கள் எனப் பலர் நூறாண்டுக்கும் மேலாக இந்தக் கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதில் எது பந்தயக்காரருக்கு, எது நமக்கு என்று பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

வாகு கேள்வியான காலம்

ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் 1817-இல் கார்ல் டிரைஸ் ஓட்டிக்காட்டிய மரவண்டிக்குப் பெடலும் இல்லை, செயினும் இல்லை. காலால் தரையை உந்தித்தான் ஓட்ட வேண்டும். அப்படி உந்தும்போது உடல் முன்னால் சாய்கிறது. அந்தப் பாரத்தை வெறும் கைகளால் தாங்க முடியாது. அதனால் முன்கைகளை ஊன்றிக்கொள்ள மெத்தை வைத்த பலகை ஒன்றை டிரைஸ் பொருத்தியிருந்தார். கையில் விழும் பாரம் என்ற சிக்கல் இருசக்கர வண்டியோடு கூடவே பிறந்தது.

1860களில் பாரிஸில் முன்சக்கரத்தில் பெடல் வந்தது. அடுத்த பத்தாண்டில் இங்கிலாந்தின் காவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லி போன்றவர்கள் முன்சக்கரத்தை ஆள் உயரத்துக்கு வளர்த்தார்கள். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுதான் சுற்றும் என்பதால், வேகம் வேண்டுமென்றால் சக்கரம் பெரிதாக வேண்டும். சக்கரம் எவ்வளவு பெரிதாகலாம் என்பதை ஓட்டுகிறவரின் கால்நீளம் தீர்மானித்தது. அந்த உயரச் சக்கர வண்டியில் எங்கே உட்காருவது என்ற கேள்விக்கே இடமில்லை. சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார வேண்டும். பெரிய கல்லில் சக்கரம் மோதினால் தலைகுப்புற விழ வேண்டும்.

ஜேம்ஸ் ஸ்டார்லியின் உறவினரான ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-இல் கொண்டுவந்த ரோவர் சைக்கிள்தான் இந்தக் கட்டை அவிழ்த்தது. செயின் வழியாகப் பின்சக்கரம் சுழன்றது. சக்கர அளவுக்கும் கால்நீளத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்ததும் சிறிய சக்கரத்தின் அதிர்ச்சியும் குறைந்தது. சீட்டை முன்னே வைப்பதா பின்னே வைப்பதா, ஹேண்டில்பாரை உயர்த்துவதா தாழ்த்துவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அப்போதுதான் கிடைத்தது. உட்காரும் வாகு பற்றிய விவாதம் அன்று தொடங்கி இன்னும் ஓயவில்லை.

நிமிர்ந்தவர்களும் குனிந்தவர்களும்

1890களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் மோகம் உச்சத்தில் இருந்தது. இளைஞர்கள் ஹேண்டில்பாரைத் தாழ்த்திக் குனிந்து தெருக்களில் பறந்தார்கள். அவர்களுக்கு முதுகு கூன் விழும் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். சீட் செய்கிற நிறுவனங்கள் இடுப்பெலும்பின் படத்தைப் போட்டு விளம்பரம் செய்தன. உடற்கூறு பார்த்துச் செய்தது என்று சொல்லி விற்கப்பட்ட கிறிஸ்டி சீட் அந்தக் காலத்தில் பெயர் பெற்றது. இன்று சைக்கிள் கடைகளில் நடக்கும் பேச்சின் பெரும்பகுதி அப்போதே நடந்து முடிந்துவிட்டது.

பிறகு பந்தயம் மேலோங்கியது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக உயரும். மணிக்கு 15 கிலோமீட்டரில் உள்ள எதிர்ப்பு 30 கிலோமீட்டரில் நான்கு மடங்காகும். எனவே பந்தய வீரர் குனிவது வீம்புக்காக அல்ல, கணக்குப்படி. ஆனால் 1930களில் நடந்த ஒரு நிகழ்ச்சி, குனிவதுதான் ஒரே வழி என்பதைப் பொய்யாக்கியது. பிரெஞ்சு வீரர் பிரான்சிஸ் ஃபோர், மொஷே என்பவர் வடிவமைத்த மல்லாந்து ஓட்டும் சைக்கிளில் 1933-இல் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். ஆஸ்கர் எக் 1914-இல் நிறுவியிருந்த 44.247 கிலோமீட்டர் சாதனை முறிந்தது. பன்னாட்டு சைக்கிள் சங்கம் 1934-இல் அந்த வகை வண்டியைப் பந்தயச் சைக்கிள் என்ற வரையறைக்கே வெளியே தள்ளியது.

அந்தத் தீர்ப்பின் விளைவு நம்மையும் தொடுகிறது. பந்தயச் சைக்கிளின் உருவம் ஒரே அச்சில் உறைந்தது. பின்னால் வந்த உடற்பயிற்சி ஆய்வுகளும் அளவுச் சூத்திரங்களும் பெரும்பாலும் அந்த ஒரே வாகை அடிப்படையாகக் கொண்டன. இன்று பொழுதுபோக்காக ஓட்டுகிறவர் கேட்கும் அறிவுரையில் பாதி, அவர் ஒருநாளும் ஓட்டப்போகாத வேகத்துக்காக உருவானது.

பந்தயத்துக்கு வெளியே இன்னொரு மரபு அமைதியாக வளர்ந்தது. பிரிட்டனின் ரோட்ஸ்டர், நெதர்லாந்தின் நிமிர்ந்த சைக்கிள், சீனாவின் தியான்ஜின் நகரில் 1950 முதல் செய்யப்பட்ட பறக்கும் புறா, இந்தியாவின் கறுப்புச் சைக்கிள் எல்லாம் ஒரே குடும்பம். உலகில் அதிகம் பேர் அன்றாடம் ஓட்டியது இந்தக் குடும்பத்தைத்தான். ஆனால் ஆய்வு ஏடுகளில் அது அதிகம் இடம்பெறவில்லை.

உடல் பாரம் எங்கே போகிறது

சைக்கிளில் உடலைத் தாங்கும் இடங்கள் மூன்று: சீட், பெடல், ஹேண்டில்பார். மொத்தப் பாரம் மாறாது. மூன்றுக்கும் இடையே பங்குதான் மாறும். இதில் எளிதில் கண்ணுக்குப் படாத உண்மை ஒன்று உண்டு. பெடலைக் கீழே அழுத்தும்போது அந்த அழுத்தம் உடலை மேலே தூக்குகிறது. வலுவாக மிதிக்க மிதிக்க, சீட்டிலும் கையிலும் பாரம் குறைகிறது. பந்தய வீரர் முதுகை ஏறத்தாழப் படுக்கையாக வைத்தும் கைவலியின்றி ஓட்டுவதற்குக் காரணம் அவருடைய கால்கள். மேலுடலின் பாரத்தை அவருடைய மிதியே தாங்குகிறது.

அதே சாய்வில் நாம் மெதுவாக, பேசிக்கொண்டே மிதித்தால் என்ன ஆகும்? தாங்குவதற்கு மிதி இல்லை. பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்குகிறது. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் நரம்பு நசுங்கி, மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகின்றன. பாதையைப் பார்க்கத் தலையைப் பின்னுக்கு மடக்குவதால் கழுத்து பிடிக்கிறது. வண்டி மாறவில்லை, உடல் மாறவில்லை. மிதிக்கும் வலு குறைந்ததால் சுகம் போய்விட்டது.

நேர் நிமிர்வும் முழுத் தீர்வு ஆகாது. நிமிர்ந்து உட்கார்ந்தால் ஏறக்குறைய எல்லாப் பாரமும் சீட்டில் விழுகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அந்த அதிர்ச்சி நேராக முதுகுத்தண்டில் ஏறுகிறது. எதிர்காற்று வந்தால் மார்பு பாய்மரம்போல் காற்றை வாங்குகிறது. அதனால்தான் நிமிர்ந்த சைக்கிளுக்கு அகன்ற சீட்டும் அடியில் சுருள் கம்பியும் கொடுத்தார்கள்.

சீட்டின் அகலத்துக்கும் சாய்வுக்கும் உள்ள உறவும் இதில்தான் அடங்கும். நிமிர்ந்து உட்காரும்போது இடுப்பெலும்பின் பின்புறத்து அகன்ற முனைகள் சீட்டில் ஊன்றுகின்றன. முன்னால் சாயும்போது இடுப்பு உருண்டு, எலும்பின் முன்பக்கக் குறுகிய பகுதி ஊன்றுகிறது. ஆகவே அகன்ற சீட் ரோட்ஸ்டருக்கும் குறுகிய சீட் பந்தய வண்டிக்கும் ஏற்றது. பர்மிங்காமில் 1866-இல் தொடங்கிய புரூக்ஸ் நிறுவனம் இந்த வேறுபாட்டை அறிந்து, சாய்ந்து ஓட்டுபவருக்குக் குறுகலான பி17, நிமிர்ந்து ஓட்டுபவருக்குச் சுருள் கம்பி வைத்த பி66 என வெவ்வேறு தோல் சீட்டுகளைச் செய்தது. வலிக்கிறது என்று பந்தய வண்டியில் அகலமான மெத்தைச் சீட்டை மாட்டினால் தொடை உரசிப் புண்ணாகும். வலி குறையாது.

சூத்திரங்கள் எவ்வளவு தூரம் உதவும்

சீட்டின் உயரத்துக்கு இரண்டு சூத்திரங்கள் பரவலாக வழங்குகின்றன. ஹேம்லி, தாமஸ் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1967-இல் வெளியிட்ட முடிவு, கால்நீளத்தை 1.09-ஆல் பெருக்கச் சொல்கிறது. பெடல் கீழே இருக்கும்போது பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அந்த நீளம் இருக்க வேண்டும். பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமார், அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் ஆகியோர் வழியாகப் பரவிய மற்றொன்று, கால்நீளத்தை 0.883-ஆல் பெருக்குகிறது. இதைக் கிராங்க் அச்சின் நடுவிலிருந்து அளக்க வேண்டும்.

கால்நீளம் 80 சென்டிமீட்டர் என்று கொள்வோம். முதல் கணக்கில் 87.2 வருகிறது. இரண்டாவதில் 70.6, அதோடு 17 சென்டிமீட்டர் கிராங்கைச் சேர்த்தால் 87.6. வேறுபாடு அரை சென்டிமீட்டர்கூட இல்லை. இரண்டும் ஒன்றையே சொல்கின்றன: காலை ஏறக்குறைய முழுதாக நீட்டு. அந்த 1967 ஆய்வு தேடியது குறுகிய நேரத்தில் அதிக வலு எடுக்கும் உயரத்தை. சிக்னலில் நின்று தரையில் கால் ஊன்றி, மறுபடி கிளம்பும் ஒருவருடைய தேவையை அது கணக்கில் எடுக்கவில்லை.

ஹோம்ஸ் முதலான ஆய்வாளர்கள் 1994-இல் முன்வைத்த வழி உடலை நேராகப் பார்க்கிறது. பெடல் கீழே இருக்கும்போது முட்டியின் மடக்கு 25 முதல் 35 பாகைக்குள் இருக்கட்டும் என்கிறது. பாதத்தின் நீளம், செருப்பின் தடிமன், கணுக்கால் அசைவு எல்லாம் இந்தக் கோணத்துக்குள் தாமாக வந்துவிடுவதால் இதுவே நம்பத்தக்கது. மகிழ்ச்சிக்கு ஓட்டுகிறவர் 35 பாகைப் பக்கம் இருப்பது நல்லது. சீட் சற்றே தாழ்ந்திருக்கும். கால் எளிதில் தரை தொடும்.

மூன்றாவது சூத்திரம் சீட்டை முன்பின் நகர்த்துவது பற்றியது. பெடல் முன்னோக்கிக் கிடைமட்டமாக இருக்கும்போது முட்டியிலிருந்து தூக்குக்குண்டு விட்டால் அது பெடல் அச்சில் விழ வேண்டும் என்பது பழைய வழக்கு. அமெரிக்கச் சைக்கிள் வடிவமைப்பாளர் கீத் பான்ட்ரேகர் இதை ஒரு கட்டுக்கதை என்று வாதிட்டார். மல்லாந்து ஓட்டும் சைக்கிளில் முட்டிக்கும் பெடலுக்கும் அப்படி ஒரு செங்குத்து உறவே இல்லை, ஆனாலும் அதில் நன்றாக மிதிக்க முடிகிறதே என்பது அவர் கேள்வி. புவியீர்ப்பு முட்டிக்கு முக்கியமில்லை, உடல் சமநிலைக்குத்தான் முக்கியம் என்ற அவர் முடிவு சரியானது. சீட் முன்னே வந்தால் பாரம் கைக்குப் போகும், பின்னே போனால் கை இலகுவாகும். பழைய வண்டிகளைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல்.

கறுப்பு ரோட்ஸ்டரின் அறிவு

நம் ஊர்ச் சாலைகளை அரை நூற்றாண்டு ஆண்ட வண்டி ரோட்ஸ்டர். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கி ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் வண்டிகளைத் தந்தது. சோனிபட்டில் அட்லஸ் 1951-இலும், லூதியானாவில் ஹீரோ 1956-இலும் உற்பத்தியைத் தொடங்கின. அசன்சோலில் சென்-ராலே இயங்கியது. பெயர் எதுவானாலும் உடற்கூறு ஒன்றுதான்: 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர், கம்பி பிரேக், சுருள் கம்பி வைத்த சீட், 20 கிலோவை ஒட்டிய எடை.

இதன் சீட் கம்பி ஏறும் குழாய் பின்னால் நன்றாகச் சாய்ந்திருக்கும். பந்தய வண்டியில் அந்தக் கோணம் 73 பாகை அளவில் இருக்கும். ரோட்ஸ்டரில் 66 முதல் 68 வரை. அதனால் சீட் பெடலுக்கு மிகப் பின்னால் அமைகிறது, கால் சற்று முன்னோக்கி மிதிக்கிறது, கையில் பாரமே இல்லை. ஹேண்டில்பார் பின்னோக்கி வளைந்து வந்து மணிக்கட்டு இயல்பாக விழும் இடத்தில் கைப்பிடியைத் தருகிறது. முன் ஃபோர்க்குக்கும் சாய்வு அதிகம் என்பதால் பள்ளத்தில் சற்றே வளைந்து கொடுக்கிறது. மெதுவான வேகம், மோசமான பாதை, கேரியரில் மூட்டை. இந்த மூன்றுக்கும் ஏற்ற வாகு இது. இதைப் பழமை என்று தள்ளுவது அதன் கணக்கைப் படிக்காததால் வருவது.

ரோட்ஸ்டருக்குக் குறைகளும் உண்டு. நம்மிடம் அதிகம் விற்றவை 22, 24 அங்குல ஃப்ரேம்கள். உயரம் குறைந்தவருக்குப் பார் இடிக்கும். பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்து வளர்ந்த தலைமுறைக்கு இது சொல்லாமலே தெரியும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். குழந்தையை முன்பாரில் உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். வாகு என்பது உடல் அளவு மட்டுமல்ல, ஓட்டுகிறவர் வாழ்க்கையில் அந்த வண்டிக்கு உள்ள வேலையும் சேர்ந்தது என்பதை அந்தப் பெண்கள் நடைமுறையில் காட்டினார்கள்.

இன்று மகிழ்ச்சிக்காக ஒரு ரோட்ஸ்டரைத் தேடுகிறவர், பாரின் மேல் இரு கால்களும் தரையில் ஊன்றி நிற்க முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால் 20 அங்குல ஃப்ரேமோ லேடீஸ் ஃப்ரேமோ எடுப்பதில் எந்தத் தாழ்வும் இல்லை. வயதானவர்களுக்கும் வேட்டி, சேலை கட்டுபவர்களுக்கும் தாழ்ந்த ஃப்ரேமே வாகு. ஏற்றத்தில் திணறுகிறது என்றால் பின்சக்கரப் பல்லை மாற்றலாம். 18 பல் இருக்கும் இடத்தில் 20 பல் போட்டால் மிதி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இலகுவாகும். மிதி இலகுவானால் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுப்பது குறையும், தோளும் தளரும். பழைய ராலே சைக்கிள்களில் கிடைக்கும் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இதைவிட நல்ல தீர்வு. அது நேர் கியரிலிருந்து கீழே கால் பங்கு, மேலே மூன்றில் ஒரு பங்கு மாற்றித் தருகிறது.

பந்தய வண்டியை மகிழ்ச்சிக்கு ஓட்டுவது

பழைய பந்தயச் சைக்கிள்களை ஓட்டும் ஆசைக்கு உலக அளவில் உருவம் கொடுத்தது இத்தாலியின் எரோயிக்கா என்ற சைக்கிள் ஓட்டம். டஸ்கனியில் உள்ள கயோலே இன் கியாந்தி என்ற சிற்றூரில் ஜியான்கார்லோ புரோச்சி 1997-இல் இதைத் தொடங்கினார். அன்று வந்தவர்கள் 92 பேர். அழிந்துகொண்டிருந்த வெண்ணிற மண்சாலைகளைக் காப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 1987-க்கு முன் செய்த வண்டியாக இருக்க வேண்டும், கியர் நெம்பு கீழ்க்குழாயில் இருக்க வேண்டும், பிரேக் கம்பி ஹேண்டில்பாருக்கு வெளியே தெரிய வேண்டும் என்பவை விதிகள். மிக நீண்ட பாதை 209 கிலோமீட்டர். அதே மண்சாலைகளில் 2007 முதல் தொழில்முறைப் பந்தயமும் நடக்கிறது. லண்டனில் 2009-இல் தொடங்கிய ட்வீட் ரன் இதற்கு நேர்மாறானது. பழங்கால உடை அணிந்து, பழைய வண்டியில் மெதுவாக நகரைச் சுற்றி வருவது. இரண்டுமே மகிழ்ச்சிக்கான ஓட்டம்தான்; இரண்டுக்கும் உரிய வாகு வேறு.

தவறான வாகு எவ்வளவு பேரை விரட்டும் என்பதற்கு அமெரிக்காவின் 1970கள் சான்று. 1973-இல் அங்கே ஏறத்தாழ ஒன்றரைக் கோடி சைக்கிள்கள் விற்றன. அவற்றில் ஏராளமானவை கீழே வளைந்த ஹேண்டில்பார் கொண்ட பத்து கியர் வண்டிகள். வாங்கியவர்களில் பலருக்குக் கீழ்ப்பிடிக்குக் குனியவே முடியவில்லை. மேல்பகுதியைப் பிடித்தபடி பிரேக் போடத் துணை நெம்புகளை நிறுவனங்கள் சேர்த்தன. அவை பிரேக்கின் பிடியைக் குறைத்தன. சிலர் ஹேண்டில்பாரையே தலைகீழாகத் திருப்பினார்கள். மீதி வண்டிகள் கொட்டகைக்குப் போயின.

அந்த வண்டிகளை மறுபடி வாழவைக்கலாம் என்று விடாமல் சொல்லிவந்தவர் கிராண்ட் பீட்டர்சன். அவர் வேலைபார்த்த பிரிட்ஜ்ஸ்டோனின் அமெரிக்கச் சைக்கிள் பிரிவு 1994-இல் மூடப்பட்டபின் கலிஃபோர்னியாவில் ரிவென்டெல் நிறுவனத்தைத் தொடங்கினார். பந்தயம் ஓடாதவர் பந்தயக்காரரைப் பார்த்து ஓட்டக் கூடாது, ஹேண்டில்பார் சீட்டின் உயரத்துக்கோ அதற்கு மேலோ இருக்கட்டும் என்பது அவர் கொள்கை. 2012-இல் வெளியான அவருடைய ‘ஜஸ்ட் ரைடு’ நூல் இந்தக் கருத்தைப் பலரிடம் கொண்டுசேர்த்தது. சமவெளியில், மிதமான வேகத்தில் அவர் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் மணிக்கணக்கில் எதிர்காற்றில் போகிறவருக்குக் குனிய ஓர் இடம் வேண்டும். வளைந்த ஹேண்டில்பாரின் பெருமை அங்கேதான்: மேல்பகுதி, பிரேக் நெம்பின் தலை, கீழ்வளைவு என மூன்று பிடிகள் அதில் உண்டு. ஹேண்டிலைச் சீட் உயரத்துக்கு ஏற்றிவிட்டால் மூன்றும் பயன்படும். பத்து சென்டிமீட்டர் தாழ்த்தினால் ஒன்றுதான் பயன்படும்.

டயர் பற்றிய மறுசிந்தனையும் பழைய வண்டிகளிலிருந்தே வந்தது. யான் ஹைனே என்பவர் 2002-இல் தொடங்கிய சைக்கிள் இதழ், ரெனே எர்ஸ், அலெக்ஸ் சிங்கர் போன்ற பிரெஞ்சுக் கைவினைஞர்களின் பழைய நெடும்பயண வண்டிகளை ஓட்டிச் சோதித்தது. அகலமான, மென்மையான, குறைந்த காற்றுள்ள டயர் உடல் அதிர்வில் வீணாகும் ஆற்றலைக் குறைக்கிறது என்று அவர் வாதிட்டார். முன்பு 23 மில்லிமீட்டர் டயரில் ஓடிய பந்தய வீரர்களே இன்று 28, 30 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டார்கள். ரோட்ஸ்டரின் ஒன்றரை அங்குல டயர் 40 மில்லிமீட்டர் அளவு அகலம் உள்ளது என்பதை இங்கே நினைக்க வேண்டும்.

எந்த வரிசையில் சரிசெய்வது

முதலில் சீட்டின் உயரம். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கினால் கால் நேராக வேண்டும். முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முட்டி தானாகச் சற்று மடங்கும். இடுப்பு இருபுறமும் ஆடினால் சீட் உயரம் அதிகம். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம்.

இரண்டாவது முன்பின் நகர்வு. ஆளில்லாத சமதரையில் மெதுவாக மிதித்தபடி, கைப்பிடியை விடாமல் கையின் அழுத்தத்தை மட்டும் தளர்த்திப் பாருங்கள். உடல் முன்னால் சரிந்தால் சீட்டைப் பின்னே தள்ளவோ ஹேண்டிலை உயர்த்தவோ வேண்டும். மூன்றாவது சீட்டின் மட்டம். மெத்தைச் சீட் மட்டமாக இருக்கட்டும். தோல் சீட் நடுவில் தொய்வதால் அதன் மூக்கு மயிரிழை உயர்ந்திருந்தால்தான் உடல் முன்னால் வழுக்காது.

ஹேண்டில்பார் நான்காவது. பழைய வண்டிகளின் பெரிய வரம் இங்கே இருக்கிறது. ஹேண்டிலைத் தாங்கும் தண்டு ஃபோர்க் குழாய்க்குள் ஆப்பு வைத்து இறுக்கப்பட்டிருக்கும். மேலே உள்ள போல்ட்டைச் சில சுற்றுத் தளர்த்தி, மரக்கட்டை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் ஆப்பு விடுபடும். தண்டை ஏற்றலாம், இறக்கலாம். இன்றைய பெரும்பாலான வண்டிகளில் இவ்வளவு எளிதில் இது நடக்காது. கம்பி பிரேக் வண்டியில் ஹேண்டிலை உயர்த்தினால் பிரேக் கம்பிகளின் இணைப்பையும் கூடவே சரிசெய்ய வேண்டும். இதை மறந்தால் பிரேக் பிடிக்காது.

கடைசியாகக் காற்று. டயரின் பக்கத்தில் அச்சிட்ட எல்லைக்குள், எடைக்கேற்ப, முன்சக்கரத்தில் சற்றுக் குறைவாக வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சில நாள் ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததைத் தொட வேண்டும். சீட் கம்பியில் பழைய உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டால் திரும்பி வர வழி இருக்கும். இத்தனைக்குப் பிறகும் வலி நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பதே சரி.

எங்கே நிறுத்த வேண்டும்

சுகம் தேடிப் பாதுகாப்பை இழக்கக் கூடாது. ஹேண்டில் தண்டிலும் சீட் கம்பியிலும் குழாய்க்குள் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கோடு பல வண்டிகளில் உண்டு. அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது. கோடு இல்லாத பழைய பாகத்தில் இரண்டரை அங்குலமாவது உள்ளே இருக்கட்டும். பழைய அலுமினிய ஹேண்டில்பாரும் தண்டும் எச்சரிக்கை இல்லாமல் முறியக்கூடியவை. அவற்றில் மெல்லிய விரிசல் கண்டாலும், கீழே விழுந்த வரலாறு இருந்தாலும், கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டுப் புதியதைப் பூட்டுங்கள். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். நிற்கும் தூரம் பல மடங்கு கூடும். கிராங்கை அச்சில் இறுக்கும் காட்டர் பின்னைச் சுத்தியலால் கண்டபடி அடித்தால் உள்ளே உள்ள பால்ரஸ் பாதை குழியும்.

வண்டியை எவ்வளவு மாற்றலாம் என்பதில் சேகரிப்பவருக்கும் ஓட்டுகிறவருக்கும் நெடுநாள் கருத்து வேறுபாடு உண்டு. ஒரு திருகுகூட மாறக் கூடாது என்பார் ஒருவர். ஓட்டாத சைக்கிள் எதற்கு என்பார் மற்றவர். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரே நெறியில் இருவரும் சேரலாம். திரும்பக் கழற்றக்கூடிய மாற்றங்களைத் தாராளமாகச் செய்யலாம்: சீட், தண்டு, ஹேண்டில்பார், டயர், பின்பல். திரும்ப முடியாதவற்றைச் செய்யவே கூடாது: ஃப்ரேமை வெட்டுவது, துளையிடுவது, பற்றவைப்பது, பழைய பெயிண்டைச் சுரண்டுவது. கழற்றிய பாகத்தை எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றி, எந்த வண்டியுடையது என்று எழுதிவைக்க வேண்டும். அடுத்து அந்த வண்டிக்கு வரும் கைகளுக்கு நாம் செய்யும் கடமை அது.

தொகுத்துப் பார்த்தால்

நூறாண்டுக்கும் மேலான விவாதத்தில் மூன்று உண்மைகள் தேறுகின்றன. சீட் உயரத்தில் எல்லாத் தரப்பும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. அங்கே சூத்திரம் நல்ல தொடக்கம். சீட்டின் முன்பின் இடமும் ஹேண்டிலின் உயரமும் மிதிக்கும் வலுவைப் பொறுத்தவை. அங்கே பந்தயக்காரரின் எண்கள் நமக்குப் பொருந்தா. மூன்றாவது, நிமிர்ந்து ஓட்டும் குடும்பத்தின் உடல் வாகு பற்றி முறையான ஆய்வு மிகக் குறைவு. நம் உடல் அளவுகள், நம் உடை, நம் வெயில், நம் சாலைகள் ஆகியவற்றை வைத்து ரோட்ஸ்டரை ஆராய வேண்டிய வேலை அப்படியே கிடக்கிறது. சோனிபட்டில் பிறந்த அட்லஸின் சாஹிபாபாத் ஆலை 2020-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அந்த வண்டிகளைச் செய்தவர்களும் பழுதுபார்த்தவர்களும் நம்மிடையே இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது நல்லது.

பழைய சைக்கிளை ஓட்டி வலி கண்டவர் புதுச் சீட், புது வண்டி என்று காசைச் செலவிடுவதற்கு முன் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளட்டும்: நான் எவ்வளவு வலுவாக மிதிக்கிறேன்? மெதுவாக என்பது விடையானால் ஹேண்டிலை இரண்டு விரற்கடை உயர்த்தி, சீட்டைக் கொஞ்சம் பின்னே தள்ளி, அடுத்த ஞாயிறு வரை ஓட்டிப் பார்க்கட்டும். பெரும்பாலோருக்கு அதுவே போதும். போதாதவர்களும் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதை அதற்குள் அறிந்திருப்பார்கள்.